பச்சை முகத் தட்டில் வைத்த படையல்

என் செல்லத் தம்பி மோகனுக்கு,

நீ போய் ஒரு வருடமாகிவிட்டது. இன்னும் பனி கொட்டுகிற நாட்களில் உனக்கு ரெலிபோன் எடுக்கக் கை தானாகப் போகிறது. நீ ட்ரக் ஓடிய காலமெல்லாம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எங்க நிக்கிறாய்?" நீயும், "ஒக்லஹோமாவில நிக்கிறன் அக்கா, டெக்சாஸில நிக்கிறன் அக்கா" என்பாய். நான் சுவரில் தொங்குகிற வரைபடத்தில் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றக் கதை. இப்போது விரலை எங்கே வைப்பது?

உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நாங்கள் ரோஸ்வெல் போய் வந்தோம். ஓம், உன்னுடைய அதே ரோஸ்வெல்தான். நானும் உன் வதனியும் உன் மகள் ஆரணியும் போனோம். மொன்றியலில், லாசாலில் என் வீட்டு ஜன்னலோரம், வீங்கிய முழங்காலில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மிகவும் களைத்துப் போயிருக்கிறேன் தம்பி. பயணம் தந்த களைப்பு மட்டுமென்றால் இதற்குள் நித்திரை கொண்டு எழும்பியிருப்பேன்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பிந்தி வந்த பிள்ளை ஒன்று வாசலில் நின்றால் பாடத்தைத் திரும்பத் தொடங்குவது என் பழக்கம். இதைப் படிக்கிற பலர் அப்படிப் பிந்தி வந்தவர்கள்.

நியூ மெக்சிகோவின் வறண்ட வெளியில் ரோஸ்வெல் ஒரு சின்ன நகரம். இரண்டாம் உலகப்போர் முடிந்த கொஞ்சக் காலத்தில் அதற்கு அப்பால் ஒரு மாட்டுப் பண்ணையில் ஏதோ விழுந்தது. பறக்கும் தட்டு என்று முதலில் சொன்னார்கள். பிறகு, இல்லை, அது பலூன் என்றார்கள். அன்று தொடக்கம் அந்த ஊருக்கு வானத்திலிருந்து வந்தவர்களின் கதைதான் பிழைப்பு. நீ அந்தப் பக்கம் அடிக்கடி சாமான் ஏற்றிக்கொண்டு போவாய். ஒரு நாள் இருட்டுப்படுகிற மைம்மல் பொழுதில், ஊருக்கு வெளியே, உன் ட்ரக்குக்குப் பக்கமாக ஒரு வெளிச்சம் ஓடி வந்ததாகவும், நீ தெருவோரம் நிறுத்த அதுவும் நின்றதாகவும், கொஞ்ச நேரத்தில் மேலே போய்விட்டதாகவும் சொன்னாய்.

பியர்பொன்ட்ஸில் உன் வீட்டில், ஆரணியின் பிறந்தநாளுக்குக் கூடியிருந்த சனம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து நீ 'பறக்கும் தட்டு மோகன்'. நீயும் சிரித்தாய். அடுத்த பயணத்தில் பெரிய கறுப்புக் கண் வைத்த பச்சைப் பொம்மை ஒன்றை வாங்கி வந்து ட்ரக்கின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டினாய். "ஒருநாளைக்கு உங்கள் மூண்டு பேரையும் காரில கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன், பாருங்கோ" என்றாய்.

கூட்டிக்கொண்டு போக உனக்கு நேரம் கிடைக்கவில்லை. போன மாசிக் குளிரில், வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றவன் அப்படியே விழுந்தாய். ஆஸ்பத்திரியில் மெசின் உனக்காக மூச்சு விட்டது. இனி நீ கண் திறக்க மாட்டாய் என்று டொக்டர்மார் சொன்னார்கள். அவர்கள் பிரெஞ்சில் சொன்னதை ஆரணி எங்களுக்குத் தமிழில் சொன்னாள். அந்தப் பிள்ளையின் வாயால் அதைக் கேட்க வேண்டியிருந்தது. வதனி கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துச் சமையலறையில் பழகிய பிரெஞ்சு அந்த அறைக்குப் போதாது.

"விடமாட்டன்" என்றாள் வதனி. நாட்கள் போயின. பிறகு ஒரு பின்னேரம் ஆரணி, "அம்மா, அப்பாவை விடுவம்" என்றாள். வதனி, "என்னவெண்டாலும் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். ஆரணி டொக்டரிடம் போனாள். நான் உன் காலடியில் நின்றேன். உன் கால் சூடாகத்தான் இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கோயில் ஹோலில் அத்தனை சனம். சோறு பரிமாறுகிற நேரம், யாரோ ஒருவர் ஆரணியின் தலையைத் தடவி, "பாவம் பிள்ளை" என்றார். வதனி திரும்பி, "பாவமோ? தேப்பனை அனுப்பி வைச்சதே இவள்தானே" என்றாள். நான் சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டேன். ஆரணி தன் குளிர்க்கோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போனவள்தான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கம்பஸுக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினாள். பியர்பொன்ட்ஸிலிருந்து அது ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. செய்தி எல்லாம் என் வழியாகத்தான். "மச்சாள், உங்கட மருமகள் சாப்பிடுறாளோ?" "மாமி, அம்மா மருந்து போடுறாவோ?" ஒரு வருடமாக இவர்களுக்குத் தபாற்காரி நான்தான். என் களைப்பு எதனால் என்று இப்போது விளங்கியிருக்கும்.

இந்த வைகாசியோடு ஆரணிக்குப் படிப்பு முடிகிறது. மேற்கே, அல்பேர்ட்டாவில் ஒரு பண்ணை ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது. "போனால் வர மாட்டன் மாமி" என்றாள் ஒருநாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்த பிள்ளைகளை நான் உட்கார்த்திப் புத்தி சொன்னதில்லை. உனக்குத் தெரியும், நீயே என் வகுப்பில் ஒரு தவணை இருந்தாய். அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, பிள்ளைகள் இருக்கிற நீள வாங்கு ஒன்றின் இந்த முனையை ஒருவனும் அந்த முனையை மற்றவனும் பிடித்து, பின் சுவர் வரை கொண்டுபோய் வைக்கச் சொல்வேன். வாங்கு கதவில் இடிக்கும். "தூக்கடா", "திருப்படா" என்று ஒரு சொல்லாவது வரும். அது போதும். ஆகவே, ஆரணிக்குக் கம்பஸில் வாசிப்பு விடுமுறை வருகிறது என்று தெரிந்ததும், அம்மா ரோஸ்வெல் போக ஆசைப்படுகிறா என்று அவளுக்குச் சொன்னேன். மகள் கூட்டிக்கொண்டு போகக் கேட்கிறாள் என்று வதனிக்குச் சொன்னேன். விமான நிலையத்தில் இரண்டு பேரும் என்னை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். நான் கடவுச்சீட்டைத் தேடுவது போலப் பைக்குள் குனிந்துகொண்டேன்.

அல்புகெர்க்கி வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார். ஆரணி காரை ஓடினாள், நான் முன்னால், வதனி பின்னால். மடியில் றைஸ் குக்கர். ஓம், அதையும் கொண்டுதான் வந்தாள். மூன்று நாள் பயணத்துக்கும் அது இல்லாமல் உன் மனைவி படலை தாண்ட மாட்டாள் என்பது உனக்குத் தெரியாததா? தெருவோ நேரே போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் வெளிறிய புல், கம்பி வேலி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. இப்படி ஒன்றுமில்லாத இடத்தில் எத்தனை பொழுதைத் தனியாகக் கழித்திருக்கிறாய்.

"மச்சாள், கார் ஓடுற ஆளுக்குப் பசிக்குதோ எண்டு கேளுங்கோ" என்றாள் வதனி.

"மாமி, பின்னால இருக்கிற ஆளுக்குக் குளிருதோ எண்டு கேளுங்கோ" என்றாள் ஆரணி.

"எனக்குத்தான் பசிக்குது, எனக்குத்தான் குளிருது" என்றேன் நான். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊரைப் பற்றி நீ சொன்னதெல்லாம் உண்மை. தெரு விளக்குகளுக்குக்கூட அந்தப் பெரிய கண்களை வரைந்திருக்கிறார்கள். பல்லுக் கட்டுகிற கடை வாசலில் பச்சை மனிதன் பல்லைக் காட்டுகிறான். அருங்காட்சியகத்தில் சாம்பல் நிறப் பொம்மைகள் புகைக்கு நடுவே நின்றன. வதனி அவற்றின் முன்னால் நீண்ட நேரம் நின்றாள். பிறகு என் காதில், "இதையோ மச்சாள் இவர் கண்டவர்? பாவம், இதுகளுக்கு ஒரு உடுப்பும் இல்லை" என்றாள். ஆரணிக்கு அது கேட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு அங்கால் போய்விட்டாள். வாங்கு இன்னும் கதவில் இடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இடித்தது அன்று பின்னேரம்தான், மொன்றியலிலிருந்து ஐயர் எடுத்த ரெலிபோனில். நாங்கள் திரும்பி வந்த பிறகு வருகிற சனிக்கிழமைக்கு வருட முடிவில் செய்கிற உன் ஆட்டைத் திவசத்துக்குக் கோயில் ஹோல் எடுத்திருந்தோம். நீ போன இங்கிலிஷ் தேதிக்கு அதுதான் கிட்டிய சனிக்கிழமை. சனம் வர வசதியான நாள் என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டோம். இந்த நாட்டில் எல்லாமே சனிக்கிழமைக்குத்தானே நடக்கிறது.

"அம்மா, ஹோலில செய்யிறது சனத்துக்கு" என்றார் ஐயர். "திதி நாளைக்கெல்லோ வருது. அண்டைக்கே சொன்னனே. வீட்டில ஒரு படையலாவது போடுங்கோ."

"ஐயா, நாங்கள் வீட்டில இல்லை."

"அப்ப எங்க நிக்கிறியள்?"

"நியூ மெக்சிகோவில."

"மெக்சிகோவோ! அங்க ஆரம்மா இருக்கினம்?"

பறக்கும் தட்டுப் பார்க்க வந்தோம் என்று ஐயரிடம் எப்படிச் சொல்வது? "தம்பி வேலை செய்த இடம்" என்றேன். அது பொய்யில்லை.

வதனி மோட்டல் கட்டிலில் இருந்து தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வருடமாகத் தள்ளித் தள்ளி வைத்திருந்த அழுகை. "திதியை விட்டிட்டன், மச்சாள். அந்த மனிசன் பசியோட நிக்கப் போறார். ஐயர் இல்லை, இலை இல்லை, செய்யிறதுக்கு ஆளும் இல்லை." ஆரணி கதவடியில் நின்றாள். உள்ளே வந்து கார்ச் சாவியை எடுத்தாள். "என்ன சாமான் வேணும் மாமி?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை அந்த அறை ஒரு குசினியானது. ஒரே குக்கரில் முதலில் சோறு, பிறகு பருப்பு, பிறகு உருளைக்கிழங்கு. ஆரணி சாமான் பையை மேசையில் கொட்டினாள். வாழைப்பழம், தயிர், ஒரு கட்டுக் கடதாசித் தட்டு. நான் தட்டுக் கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பச்சை முகம், இரண்டு பெரிய கறுப்புக் கண்.

வதனி நிமிர்ந்து மகளை நேரே பார்த்தாள். "உதென்ன கோதாரியடி?"

ஒரு வருடத்தில் தாய் மகளுக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை அதுதான். எழுதி வைக்கத் தகுந்த வார்த்தை இல்லை. நான் எழுதிவிட்டேன்.

"கடையில இதுதானம்மா கிடந்தது" என்றாள் ஆரணி. "பச்சை தானே. வாழையிலையும் பச்சைதான்."

"வாழையிலை என்னை முழிச்சுப் பார்க்கிறேல்லை" என்றாள் வதனி.

ஆனாலும் தட்டை வாங்கிக் கழுவப் பார்த்தாள். கடதாசித் தட்டைக் கழுவ முடியாது என்று ஆரணி சொல்ல, சேலைத் தலைப்பால் துடைத்தாள். உன் படத்தை ரெலிபோனில் எடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் சாய்த்து வைத்தோம். கைப்பையில் எப்போதும் கிடக்கிற கற்பூரத்தைக் கரண்டியில் வைத்துக் கொளுத்தினாள் வதனி. அவ்வளவுதான், கூரையிலிருந்த புகை மணி கத்தத் தொடங்கியது. நான் துவாய்த் துண்டால் விசிற, ஆரணி கட்டிலில் ஏறி மணியை அடக்கப் பார்க்க, வரவேற்பறைப் பெண் ஓடி வந்துவிட்டாள். தட்டுகளைப் பார்த்து, "பார்ட்டியா?" என்று கேட்டாள். வதனி தன் இங்கிலிஷில், "ஹஸ்பண்ட். வன் இயர்" என்றாள். அந்தப் பெண் நெஞ்சில் கையை வைத்தாள். வெளியே எங்கேயும் செய்யலாம், அறைக்குள் மட்டும் நெருப்பு வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"எனக்கு ஒரு இடம் தெரியும்" என்றாள் ஆரணி.

கம்பஸுக்குப் போக முன்னம், சிஜெப் படிப்பு முடித்த கோடையில் நீ அவளை ஒருமுறை ட்ரக்கில் கூட்டிக்கொண்டு போனாயே, அந்த இடம். ஊருக்கு வெளியே, தெரு கொஞ்சம் அகன்று, கனரக வண்டிகள் ஒதுங்கி நிற்கிற சரளை மண். வழியில் ட்ரக்குகள் எண்ணெய் அடிக்கிற கடையில் காரை நிறுத்தி, ஒரு கோப்பியும் சொக்லட் டோனட் ஒன்றும் வாங்கி வந்தாள்.

நல்ல மத்தியானம். வெயில் இருந்தது, சூடு இல்லை. காற்று தட்டைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்க, நாலு பக்கமும் கல் வைத்தோம். சோறு, பருப்பு, கிழங்கு, பழம் என்று வதனி வைக்க வைக்க அந்தப் பச்சை முகம் மெல்ல மூடியது. கடைசியில் ஒரு கண் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆரணி குனிந்து டோனட்டை ஓரமாக வைத்தாள்.

"திவசத்துக்கு டோனட்டோ? முட்டை கிடக்கும் அதுக்க. எடு."

"அப்பாக்கு விருப்பமம்மா."

"கொப்பருக்குச் சலரோகம். பத்து வருசமா இனிப்பில கை வைச்சதில்லை. நான் விட்டனானோ?"

ஆரணி எடுக்கவில்லை. நான் காகத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காகம் தொட்ட பிறகுதானே எங்கள் சாப்பாடு. இந்த வெளியில் எங்கே காகம்? வதனி கையைக் கூப்பிக்கொண்டு, "கா, கா" என்று கூப்பிட்டாள். வேலித்தூண் ஒன்றில் ஒரு பெரிய அண்டங்காகம் வந்து இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு மரியாதை இல்லை.

அது தத்தித் தத்தி வந்தது. சோற்றைப் பார்த்தது, பருப்பைப் பார்த்தது. பிறகு டோனட்டை முழுதாகக் கவ்விக்கொண்டு எழும்பிப் போய்விட்டது.

வதனி வாயில் கையை வைத்தாள். "ஐயோ, ஒளிச்சு ஒளிச்சுத் திண்டிருக்கிறார்!" சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆரணி, "ஒவ்வொரு ட்ரிப்பிலயும் அம்மா. என்னையும் சொல்ல வேண்டாம் எண்டவர்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவ்வளவோடு முடிந்திருந்தாலும் நான் சந்தோசமாக வீடு வந்திருப்பேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வதனி கேட்டாள்: "இன்னும் என்னத்தையடி எனக்கு ஒளிச்சவர்?"

பகிடியாகத்தான் கேட்டாள். ஆரணியின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. வகுப்பில் தற்செயலாக ஒரு கேள்வி கேட்டு, அதற்கு விடை தெரிந்த பிள்ளை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

"இந்த இடத்திலதான் அப்பா லைட்டைக் கண்டவர்" என்றாள். "என்னை ட்ரக்கால இறக்கிக் காட்டினவர். பயமா இருந்ததோ எண்டு கேட்டனான். பயமே இல்லை, கூப்பிட்டிருந்தால் போயிருப்பன் எண்டார். எங்களை விட்டிட்டோ எண்டு நான் கோவிச்சனான். அப்பதான் சொன்னவர்."

"என்னத்தை?"

"எனக்கு ஏதும் நடந்தால், என்னை மெசினில பூட்டி வைக்க விடாதை. அம்மாவால ஏலாது. நீதான் சொல்லவேணும். அம்மாட்டை இதைச் சொல்லாதை, அழுவா எண்டு." அவள் காலால் சரளையைத் தள்ளினாள். "நான் அவருக்குப் ப்ராமிஸ் பண்ணினனான் அம்மா. அதுதான் ஹொஸ்பிற்றல்ல சொல்லேல்லை. அதுதான் ஹோலில நீங்கள் பேசேக்கையும் சொல்லேல்லை."

காற்று மட்டும் கேட்டது. மோகன், நான் ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க அமைதியாக இருக்கச் சொல்லித்தான் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன். அந்த அமைதியை மட்டும் யாராவது கலைக்க மாட்டார்களா என்று இருந்தது.

வதனி மகளைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படிச் செய்யவில்லை. தட்டைத் தாண்டி, வேலிக் கம்பி வரை போனாள். உன் பச்சை மனிதர்கள் வருகிற அந்த வெறும் வானத்தைப் பார்த்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ! உங்களுக்கு அறிவிருக்கோ? நான் என்ன சின்னப் பிள்ளையோ? அழுதால் அழுதிட்டுப் போறன், அதுக்கு என்ன? ஒரு பச்சைப் பிள்ளையின்ர தலையில இவ்வளவு பாரத்தை வைச்சிட்டு நீங்கள் டோனட் திண்டுகொண்டு போனீங்களோ? ஒரு வருசம் நான் என்ர பிள்ளையைப் பேயாட்டம் பேசினனே! என்னட்டைச் சொல்லியிருந்தால்…"

அங்கே நின்றுவிட்டாள். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? உன்னை விட்டிருப்பாளா? அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்கு மட்டும் தெரிந்திருந்ததோ? தெரிந்துதான் சின்னவளிடம் சொன்னாயோ? உன்னைக் கேட்டு அறிய முடிந்திருந்தால் நான் இவ்வளவு களைக்க மாட்டேன்.

தெருவால் போன ஒரு பெரிய ட்ரக் எங்களைப் பார்த்துக் கோர்ண் அடித்துவிட்டுப் போனது. வதனி திடுக்கிட்டுத் திரும்பினாள். மகளிடம் வந்தாள். "சாப்பிட்டியோ?" என்று கேட்டாள். காலையிலிருந்து நாங்கள் ஒருவரும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கே தெரியும். இன்னொரு பச்சை முகத் தட்டை எடுத்து, சோற்றைப் பருப்போடு குழைத்து, மகளின் கையில் கொடுத்தாள். ஆரணி நின்றபடியே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டாள்.

காருக்குப் போனபோது வதனி முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். எனக்குப் பின் இருக்கை. றைஸ் குக்கர் என் மடிக்கு வந்தது. "மெதுவா ஓடு" என்று மகளுக்குச் சொன்னாள் வதனி. வழி முழுக்க அதையேதான் சொன்னாள். ஆரணி, "மெதுவாத்தானம்மா ஓடுறன்" என்று சலித்துக்கொண்டாள். இரண்டு பேரில் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கண்ணை மூடி, வாயைத் திறந்து நித்திரை கொண்டேன். குறட்டை விட்டேனாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு நான் எழுத மாட்டேன். ஹோலில் அவ்வளவு சனத்துக்கு முன்னால் விழுந்த சொல் அது. ஆரணி அல்பேர்ட்டாவுக்குப் போகத்தான் போகிறாள். ஆனால் இந்தக் கிழமை பியர்பொன்ட்ஸில், தன் பழைய அறையில்தான் படுக்கிறாள். நேற்றுக்கூட இரண்டு பேரும் பாத்திரம் அடுக்குவதில் சண்டை பிடித்தார்கள். நேருக்கு நேர்.

சனிக்கிழமைத் திவசமும் நடந்தது. எள்ளும் தண்ணியும் இறைக்கப் மகன் முறையான பெறாமகன் ஒருவனை முன்பே ஒழுங்கு செய்திருந்தோம். வதனி ஐயருக்கு முன்னால் வந்து நின்று, "மகள் செய்யட்டும்" என்றாள். ஐயர் கொஞ்சம் தயங்கினார். "பொம்பிளைப் பிள்ளை…" என்று இழுத்தார்.

"இவர் எல்லாத்தையும் அவளிட்டைத்தான் விட்டிட்டுப் போனவர், ஐயா" என்றாள் வதனி. போன வருடம் அவளைக் குற்றம் சொன்ன அதே ஹோலில், அதே சனத்துக்குக் கேட்கிற குரலில் சொன்னாள். ஐயர் தர்ப்பையை ஆரணியின் பக்கம் நீட்டினார். ஆரணி வந்து இருந்தாள். எள்ளோடு தண்ணியை விட்டாள். வதனி பின்னால் நின்று மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மோகன், நீ கண்டது என்ன? விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால் எனக்கு நாலு விளக்கம் சொல்லத் தெரியும். தாழ நிற்கிற வெள்ளி, தூரத்து வண்டியின் விளக்கு, கண்ணாடியில் பட்ட வெளிச்சம், களைத்த கண். நான்காவதில்தான் எனக்கு மனம் நிற்கிறது. அதைச் சொல்லி யாரையும் திருத்த இப்போது எனக்குத் தெம்பில்லை. களைத்த ஒருவனுக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. இருக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற திதியை இங்கிலிஷ் தேதியோடு குழப்ப மாட்டேன், டோனட்டும் வைப்பேன், முட்டை கிடந்தாலும் கிடக்காவிட்டாலும். ஆனால் வதனி உன்னைப் பேசுகிறபோது உன் பக்கம் கதைக்க மாட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் விளக்கு வைத்துவிட்டு உன் படத்தோடு சண்டை பிடிக்கிறாள். மகளுக்குப் போக இருந்த கோபம் முழுக்க இப்போது உனக்குத்தான் வருகிறது. அது வந்து சேர வேண்டிய இடம் நீதான். பேசாமல் நின்று கேள். என்னைக் கூப்பிடாதே, தபாற்காரி வேலையை விட்டுவிட்டாள்.

வாங்கின் இரண்டு முனையையும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் கையை எடுத்துவிட்டேன். கை இன்னும் நோகிறது.

அடிக்கடி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற,
உன் அக்கா